கடற்கரைப் பிள்ளைகளும் ஒரு மலையும்

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, விரும்பியதை வரையுங்கள் என்று சொன்னால், அவர்களிற் பெரும்பாலோர் ஒரே படத்தையே வரைவர். முக்கோண வடிவில் இரண்டு மலைகள். அவற்றின் நடுவே அரைவட்டமாய் எழும் சூரியன். மலையடியில் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடில். கல்முனைக் கரையிலே நான் ஆசிரியனாக வேலை செய்யும் இத்தனை ஆண்டுகளில் இந்தப் படத்தை எத்தனை ஆயிரம் முறை கண்டிருப்பேனோ அறியேன். ஆனால் எங்கள் கரையிலே மலை கிடையாது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை எந்த வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தாலும் கிழக்கே கடல், மேற்கே வயல். சூரியன் கடலிலிருந்து எழுந்து வயலுக்கு அப்பால் மறைகிறது. கரைவலை இழுக்கும் தகப்பனின் மகள் தான் நாளும் காணும் கடலை வரையவில்லை. என்றுமே ஏறியிராத மலையை வரைகிறாள். எவரோ எங்கோ அச்சிட்ட படம் அவளுடைய கண்ணுக்கும் கைக்கும் நடுவே வந்து நின்றுவிட்டது.

இதைக் கண்டு பலமுறை வருந்தியிருக்கிறேனேயன்றி, எதுவும் செய்ததில்லை. ஒரு நாள் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "மலை மெய்யாவே இப்படிக் கூரா இருக்குமா சேர்? ஏறினா காலில குத்தாதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குக் கரும்பலகையிலே விடையெழுத இயலாது என்று அப்போது தோன்றிற்று.

மேல்நாட்டுப் பாடநூல்களிலே இலையுதிர்காலம் என்று ஒரு பருவம் வரும். குழந்தைகளை மலைக்கு அழைத்துச் செல்ல அதுவே உகந்த காலம் என்று அவ்வூர்க்காரர் சொல்வர். எங்கள் கரையிலே பருவங்களைக் காற்றின் பெயரால் அறிகிறோம். கோடை முழுவதும் மேற்கிலிருந்து தோலை உலர்த்தி வீசும் கச்சான் ஓய்ந்து, மாரி மழையைக் கொண்டுவரும் வாடை தொடங்குமுன் சில வாரங்கள் இடைவெளி உண்டு. கோடைப் போகத்து அறுவடை முடிந்து வயல்கள் வெறும் தாளாகக் கிடக்கும். காட்டிலே தரை சருகாயிருக்கும். வேலையும் வெயிலும் சற்றே தளரும் அந்த இடைவெளிதான் எங்கள் இலையுதிர்காலம். செப்டெம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையை நாங்கள் தேர்ந்தோம். ஏறுவதற்குத் தேர்ந்த மலை இராஜகல. அம்பாறை நகரைக் கடந்து, உகண வழியாக மகாஓயாவுக்குச் செல்லும் வீதியிலிருந்து பிரிந்து சென்றால் அதன் அடிவாரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 அடி உயரம். பெரியவர்களுக்கு இது மலையே அன்று. சிறுவர்களுக்குப் போதுமான மலை.

பெற்றோரைக் கூட்டிச் செய்தியைச் சொன்னபோது, மலையின் உயரத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. யானையைப் பற்றி இருவர் கேட்டனர். ஏனையோர் கேட்ட கேள்வி ஒன்றேதான்: "அம்பாறை டவுனுக்குள்ளாலயா போறீங்க?"

இந்தக் கேள்வியின் பொருளை எங்கள் பகுதிக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளக்கவேண்டும். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவுக் கடையிலே, கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு பழி சுமத்தப்பட்டது. அப்படி ஒரு மாத்திரை உலகில் இல்லை. ஆனால் அன்றிரவு கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படுவதற்கு அந்த இல்லாத மாத்திரை போதுமானதாயிருந்தது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிற்றின் கொடுமைகளுக்குப் பின், ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் மாண்டனர். அதன்பின் மேற்கே உள்ளவர்கள் எங்களைப் பார்த்து அஞ்சினர். நாங்கள் அவர்களைப் பார்த்து அஞ்சினோம். கல்முனைக்கும் அம்பாறைக்கும் இடையே ஒரு மணி நேர வழிதான். எனினும் அந்த வழியிலே ஒருமுறையேனும் பயணம் செய்யாத பிள்ளைகள் என் வகுப்பிலே பாதிக்கு மேல்.

ஆனால் இந்தப் பாதை எங்களுக்கு என்றும் அந்நியமாக இருந்ததன்று. கரையோரத்து முஸ்லிம் வணிகர் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குச் சென்றனர். பாக்கை ஏற்றிக்கொண்டு திரும்பினர். அதற்கும் முன்னே, 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களிற் பெருந்தொகையினருக்குக் கிழக்குக் கரையிலே இடமளித்தவன் கண்டி அரசன் செனரத் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். மலையின் அரசன் கொடுத்த கரையிலே குடியேறி, கரையின் உப்பை மலைக்குக் கொண்டு சென்ற மக்களின் பிள்ளைகள் நாங்கள். பாதை பழையது, அச்சமே புதியது. இதைத்தான் பெற்றோரிடம் சொன்னேன். ஒரு மூத்தம்மா, "எங்கட வாப்பாட வாப்பா மாடு சாய்ச்சிக்கிட்டு போனவர்தான்" என்று எழுந்து சொன்னார். அதன்பின் பேச்சின் போக்கு மாறிற்று. பஸ் வாடகையைப் பங்கிட்டனர். கொடுக்க இயலாத நான்கு வீட்டாரின் பங்கை மற்றவர்கள் ஏற்றனர். 24 பிள்ளைகள், அவர்களோடு பெரியவர்கள் ஆறு பேர் என்று முடிவாயிற்று.

சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறையைக் கடந்து, அறுவடை முடிந்த வட்டைகளின் நடுவே பஸ் சென்றது. பிள்ளைகள் பாடினர். அம்பாறை நகரை நெருங்க நெருங்க அவர்களின் பாட்டு எனக்கு உரத்துக் கேட்கத் தொடங்கிற்று. "கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள்" என்றேன். நகரிலே தேநீருக்கு நிறுத்தட்டுமா என்று சாரதி கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். முன் இருக்கையில் இருந்த சிறுமி அதைக் கவனித்துவிட்டாள். "ஏன் சேர் இங்க இறங்கல்ல?" என்று கேட்டாள். "நேரமில்லை" என்றேன்.

நேரம் நிறைய இருந்தது. பாதை பழையது, அச்சம் புதியது என்று பெற்றோருக்குப் போதித்த அதே நாவினால் நான் ஒரு குழந்தையிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் மலையடிவாரத்தில் இறங்கினேன்.

சிறுவர்களை மலையேற்றுவதில் ஒரு விதியைத்தான் நாங்கள் கடைப்பிடித்தோம். யார் மிக மெதுவாக நடப்பாரோ அவரே முன்னே நடக்கவேண்டும். எவரும் அவரை முந்துதல் கூடாது. எங்கள் குழுவிலே மிகச் சிறியவள் மருதமுனை நெசவாளி ஒருவரின் மகள். கையில் ஒரு கோலோடு அவள் முன்னே நடந்தாள். ஓடத் துடித்த பையன்கள் முதலில் முணுமுணுத்தனர். "இவள் பின்னால போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவம்" என்றான் ஒருவன். ஆனால் அரைமணி நேரத்தில் அந்த வேகத்தின் பயன் அவர்களுக்கே தெரிந்தது. வேகமாக ஏறியிருந்தால் அவர்கள் காணாமற் போயிருக்கக் கூடியவற்றை எல்லாம் நின்று கண்டார்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறெறும்பின் கூட்டை முதலில் கண்டார்கள். வேரொன்று பாறையை வளைத்துப் பிடித்திருப்பதையும், தலைக்கு மேலே ஒரு குரங்கு தன் குட்டியை வயிற்றோடு அணைத்துத் தாவியதையும் கண்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருந்தோம், தண்ணீர்ப் போத்தல்களைத் திறந்தோம், பேரீச்சம்பழம் பகிர்ந்தோம். எவரிடமும் உச்சி எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏறும் வழியை நாங்கள் இரண்டரை மணி நேரத்தில் ஏறினோம். ஒருவர் காலும் சுளுக்கவில்லை, ஒருவரும் அழவில்லை.

இராஜகல வெறும் மலையன்று. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலே பௌத்த துறவிகள் வாழ்ந்த பெரும் மடாலயத்தின் இடிபாடுகள் அந்தக் காடெங்கும் கிடக்கின்றன. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரையும் அவருடன் வந்த இட்டிய தேரரையும் பெயர் சொல்லிக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு அங்கே உண்டு. மழைநீர் உள்ளே வழியாதபடி மேல்விளிம்பு வெட்டப்பட்ட குகைகளும், வேடர்கள் வரைந்த கோட்டுருவங்களைக் கொண்ட குகையும் உண்டு.

கல்லில் வெட்டப்பட்ட எழுத்துகளுக்கு முன்னே பிள்ளைகள் கூடினர். "சேர், இங்க கூட்டல் கணக்கு எழுதி இருக்கு" என்று ஒருவன் கூவினான். உண்மைதான், கல்லிலே கூட்டல் அடையாளம் ஒன்று தெளிவாக இருந்தது. அது கணக்கன்று, அந்தக் காலத்துக் 'க' என்றேன். அந்த ஒரே எழுத்தின் குடும்பத்திலிருந்துதான் நாம் எழுதும் 'க'வும் சிங்களப் பிள்ளைகள் எழுதும் 'க'வும் நூற்றாண்டுகளாகத் தேய்ந்தும் வளைந்தும் வந்தன என்று சொல்லி, இரண்டையும் மண்ணிலே குச்சியால் எழுதிக் காட்டினேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தொல்பொருட் பகுதித் தொழிலாளர் தமிழ் அறியாதவர். அவர் நான் எழுதிய சிங்கள எழுத்தைப் பார்த்துச் சிரித்து, குச்சியை வாங்கி, அதன் வளைவைத் திருத்தி எழுதினார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினர். என் எழுத்துப் பிழையை அவர்கள் வெகுவாக ரசித்தனர்.

சற்று அப்பால் ஒரு பெரிய கற்றொட்டி. குடைந்துகொண்டிருக்கும்போதே விரிசல் கண்டதால் முடிக்கப்படாமல் விடப்பட்டது. நெசவாளியின் மகள் அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உடச்சவருக்குப் பேச்சு விழுந்திருக்குமா சேர்?" என்று கேட்டாள். தறியிலே நூல் அறுந்தால் யாருக்குப் பேச்சு விழும் என்பதை அறிந்த குழந்தையின் கேள்வி அது. தானம் செய்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உளியைப் பிடித்தவனின் பெயரைத் தேடுபவனுக்கு அந்த உடைந்த தொட்டியே கிடைக்கும். எந்த வரலாற்று நூலும் எனக்குக் கேட்கக் கற்றுத்தராத கேள்வியை எட்டு வயதுச் சிறுமி கேட்டாள்.

மரங்கள் விலகிய பாறைமுகட்டிலே நின்றபோது வெளி விரிந்தது. கீழே காடு, அதற்கப்பால் குளங்கள் சில கண்ணாடித் துண்டுகளாய் மின்னின. கிழக்கே வயல்கள் முடியும் இடத்தில் ஒரு நீலக்கோடு. அது கடலா வானமா என்று நெடுநேரம் விவாதித்தனர். கடல்தான் என்று மீனவரின் மகள் தீர்ப்புச் சொன்னாள். அதன்பின் மறுப்பு எழவில்லை. "அப்ப எங்கட வயலுக்கு வாற தண்ணி எங்கிருந்து வருது?" என்று இன்னொருவன் கேட்டான். நான் தெற்கே மலைகளின் பக்கம் கைகாட்டினேன்.

அந்தத் திசையிலே இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் இருக்கிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. எங்கள் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை மறித்து, இரண்டொரு ஆண்டுகளில் அமெரிக்கக் கம்பனி ஒன்று அணையைக் கட்டிற்று. நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் அது. அந்த நீரால் காடு வயலாயிற்று. ஆனால் அதே நீரின்கீழ் வேடரின் வேட்டை நிலங்கள் மூழ்கின. மேலே புதிய சிங்களக் குடியேற்றங்கள், கீழே பழைய முஸ்லிம், தமிழ் ஊர்கள் என ஒரு புதிய மேடுபள்ளம் உண்டாயிற்று. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில், அந்தக் குடியேற்றப் பிரதேசத்திலேதான் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர், பெரும்பாலும் தமிழர், கொல்லப்பட்டனர் என்பர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நிலம் இல்லாதவனுக்கு நிலம் கொடுப்பது நல்ல காரியம். அந்த நிலமற்றவனையும் அயலூர் நிலமற்றவனையும் ஒருவன்மேல் ஒருவனை ஏவிவிட்டவர்கள் எந்தப் போகத்திலும் நஞ்சை மிதித்தவர்கள் அல்லர்.

இவற்றையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. சொன்னது வேறொரு செய்தி. 1981ஆம் ஆண்டில் நீர்த்தேக்கத்தில் காற்பங்கு நீரே இருந்தது. இடதுகரை வாய்க்காலின் தலைமடையிலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையிலே தமிழ் விவசாயிகள். பல்லாண்டுகளாகக் கடைமடைக்கு நீர் ஒழுங்காக எட்டியதில்லை. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய இளைஞர்கள் அவ்வாண்டு ஊர்களிலே தங்கி விவசாயிகளை ஒன்றுகூட்டினர். விவசாயிகள் தாமே இறங்கி, ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்படுத்திய நீரைக் கீழுள்ளவர்களுக்கு விட்டனர். இதில் ஈடுபட்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் இதை நூலாக எழுதினார். அமெரிக்கப் பணம் புகுந்த திட்டம் என்று இதை ஐயத்தோடு நோக்கும் தோழர்கள் உளர். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் மண்வெட்டி பிடித்த கைகள் அமெரிக்கக் கைகள் அல்ல. பஞ்ச காலத்தில், தன் வயல் காயும்போது, வேறு மொழி பேசும் ஒருவனுக்கு மடையைத் திறந்துவிட்ட கைகள் இந்த மண்ணின் கைகள்.

"மெதுவா நடக்கிறவங்கள முன்னுக்கு விட்ட மாதிரியா சேர்?" என்று, காலையில் முணுமுணுத்த அதே பையன் கேட்டான். "ஓம்" என்றேன். வேறு சொல்லத் தோன்றவில்லை.

புறப்படும் நேரத்தில் மீனவரின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நீலக்கோட்டைப் பார்த்தபடியே, "கடல் இங்க ஏறி வராதுதானே சேர்?" என்றாள். அவள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பல ஆண்டுகள் பின்னே பிறந்தவள். அந்தக் காலையிலே எங்கள் மாவட்டத்தில் மட்டும் 10000 பேருக்கு மேல் மாண்டனர். ஓடி ஏறுவதற்கு எங்கள் கரையில் ஒரு மேடு இருக்கவில்லை. அன்று வயல்களைத் தாண்டி மேற்கே ஓடியவர்களுக்கு மேற்கிலிருந்தே சோற்றுப் பொதிகள் வந்தன. கொண்டுவந்தவர்களில் சிங்கள ஊரவரும் இருந்தனர். "வராது" என்றேன். பின்னர், "வந்தாலும் இங்கே ஓடி வரலாம், வழி உனக்குத் தெரியும்தானே" என்றேன். அவள் தலையாட்டினாள்.

இவ்விடத்தில் ஒரு கசப்பையும் சொல்லவேண்டும். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிழக்கு மாகாணத்துத் தொல்பொருட் சின்னங்களைப் பேணவென்று ஜனாதிபதி ஒரு செயலணியை அமைத்தபோது, அதிலே தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கல்வெட்டு என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்று எங்கள் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்காக நாம் மலையை விட்டு விலகி நின்றால், பழமை முழுவதும் ஒரு சாராரின் சொத்து என்று கூறுவோரின் வாதத்தை நாமே மெய்ப்பிக்கிறோம். தன் நாட்டின் கல்லிலே 'க' என்று படிக்கும் முஸ்லிம் பிள்ளை எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை, தன்னுடையதை எடுத்துக்கொள்கிறது.

திரும்பும்போது அம்பாறை நகரிலே பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைப்பானேன்? 24 பிள்ளைகள் தொப்பியும் பர்தாவுமாய் வரிசையாக இறங்கி, ஒரு சிறு கடைக்குள் நிறைந்தனர். கடைக்காரப் பெண் முதலில் திகைத்தார். பிறகு மகனை அனுப்பிப் பக்கத்து வீட்டிலிருந்து கோப்பைகள் வாங்கிவந்தார். பிள்ளைகளுக்குத் தெரிந்த சிங்களம் மிகச் சிறிது. அவருக்குத் தெரிந்த தமிழ் அதனினும் சிறிது. வெறுந்தேநீரும் பணிசும் உண்டோம். கணக்கைக் கூட்டிப் பணம் கொடுத்தோம், அவர் வாங்கினார். அவ்வளவே. வேறெதுவும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடவாமைக்காகவே நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பது பஸ் மீண்டும் புறப்பட்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. முன் இருக்கைச் சிறுமியிடம், "காலையிலே நேரம் இருந்தது, எனக்குத்தான் பயமாக இருந்தது" என்றேன். "எனக்குத் தெரியும் சேர்" என்றாள்.

திங்கட்கிழமை மறுபடியும் வெள்ளைத் தாள்களைக் கொடுத்தேன். முக்கோண மலைகள் முற்றாக ஒழிந்துவிட்டன என்று சொன்னால் அது பொய். பழகிய கை எளிதில் விடுமா? ஆயினும் பலருடைய மலை இப்போது உருண்டிருந்தது. உச்சியில் மரங்கள் இருந்தன. சூரியன் மலையிடுக்கை விட்டுக் கடலுக்குத் திரும்பியிருந்தது. ஒருவன் பாறையில் பெரிய கூட்டல் அடையாளம் ஒன்றைப் போட்டிருந்தான். முன் இருக்கைச் சிறுமியின் படத்திலே மலை ஒரு மூலையில் மிகச் சிறிதாக இருந்தது. தாளின் பெரும்பகுதியை ஒரு தேநீர்க்கடை நிறைத்திருந்தது. அதன் வாசலில் நின்ற மனிதர்களை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொருவர் இருந்தனர். பஸ்ஸில் சென்றவர்கள், சாரதியைச் சேர்க்காமல், முப்பது பேர்தான்.